வெள்ளிக்கிழமை உப்பு

லூனாஸ் பக்கம் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் கோப்பியை வைத்த கையோடு யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணே, அந்த உப்புக் கதையச் சொல்லுங்கலா." சொல்ல ஆரம்பித்தால் நன்றாகவே சொல்வேன், எனக்கு வாய் அப்படி. ஆனால் இப்போதெல்லாம் "வேல கெடக்கு" என்று டெஸ்டரைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். கேட்பவர்கள் சிரிக்கிற இடத்தோடு கதையை நிறுத்திவிட்டுத்தான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். அதற்கு அப்புறமும் கொஞ்சம் இருக்கிறது. அதை நினைத்தால் தலையைத் தூக்க முடியவில்லை.

நான் வயர்மேன். பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. கூலிமில் ஒரு கடைக்குக் கம்பி இழுக்கப் போய், கை சுட்டுச் சுட்டுக் கற்றுக்கொண்டு, பிற்பாடுதான் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தேன். எங்கள் தொழிலில் போர்டு மாட்டுவதெல்லாம் சும்மா. ஒருத்தர் வாயிலிருந்து இன்னொருத்தர் காதுக்குப் போகிற பேர்தான் சோறு போடும். "கரண்டு அடிச்சா ஒரு நாள் வலி, பேரு கெட்டா பானையே காலி" என்பாள் என் மனைவி. அவளும் பழமொழிக்காரிதான். எங்கள் வீட்டில் சாம்பாரில் பெருங்காயம் இல்லாமல் போகலாம், பேச்சில் பழமொழி இல்லாமல் போகாது.

போன வருஷம் எங்கள் தமான் குடியிருப்பில் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்கு ஹாட் டப் வந்தது. மோட்டார் வைத்துச் சுழற்றி, ஹீட்டர் வைத்துச் சூடாக்குகிற பெரிய தண்ணீர்த் தொட்டி. பணக்காரர்கள் சாமானாயிற்றே, லாரி டிரைவர் வீட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்த வீட்டு அண்ணன் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர். ஆபரேஷன் நன்றாக முடிந்தும் கால் ஊன்றப் பயந்து நாற்காலியிலேயே கிடந்தார். சூடு தண்ணீரில் நின்று காலை அசைத்துப் பழகினால் பயம் போகும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கோத்தா கோலா மூடா பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயை மூடியபோது, பினாங்கில் வேலை செய்யும் மகள் அங்கிருந்த பழைய தொட்டியை வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அது வந்து பின்பக்கத் தளத்தில் பாதியை அடைத்துக்கொண்டது.

வயரிங் நான்தான். தனி கேபிள், தனி இஎல்சிபி. கரண்டு போன வழியே முழுசாகத் திரும்பி வராமல் துளி கசிந்தாலும் சட்டென்று விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற சுவிட்ச் அது. மனிதர் தண்ணீருக்குள் உட்காருகிற இடத்தில் அது இல்லாமல் நான் கை வைக்க மாட்டேன்.

அந்த வீட்டு அக்காவைத் தொட்டி வீட்டு அக்கா என்றே எழுதுகிறேன். அவருக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சிறுவயதுப் பழக்கம். கரங்கான் பக்கம் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். தோட்டம் கைமாறியபோது சேர்ந்தே வந்து அடுத்தடுத்து வீடு வாங்கினார்கள். பின்பக்க வேலியில் ஓர் ஆள் நுழையும்படி ஒரு கம்பிக் கதவு வைத்துக்கொண்டார்கள். தொட்டி வீட்டு அக்கா காலையில் கையுறை பேக்டரிக்குப் போய்விடுவார். அண்ணன் விழுந்த பிறகு, பகலில் அவருக்குச் சோறு போட்டதும், மாத்திரை எடுத்துக் கொடுத்ததும், தொட்டியில் இறங்கும்போது தோள் கொடுத்ததும் அந்தக் கம்பிக் கதவு வழியாக வந்த பக்கத்து வீட்டு அக்காதான்.

தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிய அன்று அவர்தான் முதலில் வந்து பார்த்தார். நானும் அங்கே இருந்தேன்.

"அடேங்கப்பா! ராஜா வீட்டுக் கொளம் மாதிரி கெடக்கு. நமக்கெல்லாம் இந்தக் கொடுப்பின எங்கலா வரப் போவுது!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் காலை இஎல்சிபி விழுந்தது.

போன் வந்ததும் ஓடினேன். சுவிட்சை ஏற்றினால் உடனே விழுகிறது. கேபிளைப் பார்த்தேன், மூட்டுகளைப் பார்த்தேன். நேற்று நானே போட்ட வேலை. ஒன்றும் பிடிபடவில்லை. அக்கா என் தலைக்கு மேலேயே நின்று, "என்னா தம்பி, என்னா தம்பி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேலை தெரிந்தவன் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். எனக்குத்தான் அது வராதே. பேச்சைச் சிரிப்பாக்கிவிடலாம் என்று, "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க அக்கா. யாரு கண்ணோ, நல்லா பட்டுருச்சு போல" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் காரணமும் கிடைத்தது. தொட்டியின் அடியில் இருக்கிற கண்ட்ரோல் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. ஹோம்ஸ்டேயில் சும்மா கிடந்த காலத்தில் குடியேறியவை. ஈரம் பட்டதும் மண்ணும் முட்டையுமாக முனைகளுக்கு நடுவே பாலம் போட்டுவிட்டன. துடைத்துக் காயவைத்து ஓட்டைகளை அடைத்தேன். சுவிட்ச் விழாமல் நின்றது.

"வெறும் எறும்புதான் அக்கா."

அவர் வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "எறும்பாவே இருக்கட்டும் தம்பி. அவ வந்து வாயத் தொறந்த மறுநாளா வரணும்?"

நான் சிரித்துவிட்டுப் பையைக் கட்டினேன். சொன்ன பழமொழி எனக்கு மோட்டோர் சைக்கிளில் ஏறும்போதே மறந்துவிட்டது.

சில வாரம் கழித்து மறுபடியும் விழுந்தது. இந்த முறை ஒழுங்காக உட்கார்ந்து பார்த்தேன். இந்த மாதிரிக் கோளாறுக்கு வழி ஒன்றுதான். பம்ப், காற்று மோட்டார், விளக்கு, ஹீட்டர் என்று உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். சுவிட்ச் நின்றால் கேபிள் நல்லது. பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வர வேண்டும். எதை மாட்டும்போது விழுகிறதோ அதுதான் திருடன். பம்ப் மாட்டினேன், நின்றது. காற்று மோட்டார், விளக்கு, நின்றது. ஹீட்டரை மாட்டினேன், பட்டென்று விழுந்தது. பழைய ஹீட்டர், ஆயுசு முடிந்திருக்கும் என்று பட்டர்வொர்த்தில் புதிது வாங்கி வந்து போட்டேன். "இனிமே பத்து வருஷத்துக்குக் கவலயில்ல" என்று நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

ஒரு மாதம்கூட ஓடவில்லை. புது ஹீட்டரும் போய்விட்டது.

அங்கேதான் என் பேர் இழுபட ஆரம்பித்தது. தொட்டி வீட்டு அக்காவுக்கு ஒரு தம்பி இருக்கிறார், முச்சந்திக் கோப்பிக் கடையில் காலையிலும் மாலையிலும் உட்கார்ந்திருப்பவர். என்னைப் போலவே வாய். "அவன் கை வெச்ச வூட்ல மெழுகுவத்தி வாங்கி வெச்சுக்கணும்டா" என்று சொல்லியிருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. பாடாங் செராயில் ஒரு புது வீட்டுக்கு முழு வயரிங் பேசி வைத்திருந்தேன். அந்த வீட்டுக்காரர் போனில், "கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு வீட்டில், கழற்றிப்போட்ட மின்விசிறியை வேறு ஆளை வைத்து மாட்டிவிட்டார்கள். வீட்டில் மனைவி பழமொழி எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இந்தத் தொட்டியைச் சரியாக்காவிட்டால் இந்த ஊரில் நான் ஸ்க்ரூடிரைவர் தூக்க முடியாது என்ற நினைப்போடுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போனேன்.

அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். தொட்டி நின்று போனதில் கால் மறுபடி இறுகிப்போய் முகம் வாடியிருந்தது. கோப்பிக் கடைத் தம்பியும் வந்து, வேடிக்கை பார்க்க வசதியாகத் தண்ணீர்த் தொம்பா பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னாண்ணே, இன்னிக்கு எதக் கழட்டப் போறீங்க? வூட்டையா?"

மெயினை இறக்கிவிட்டு ஹீட்டரைக் கழற்றி வெளியே எடுத்தேன். பார்த்ததும் கை நின்றுவிட்டது. புதுச் சாமான். மேல் தகடெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக அரித்திருந்தது. ஊசித் துளை வழியாக உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. கரண்டு கசியாமல் என்ன செய்யும்? தொட்டி விளிம்பின் அடியில் தடவினேன். வெள்ளையாகப் பொருக்கு பொருக்காக விரலில் வந்தது. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஐயே!" என்றார் தம்பி. "மாமா குளிச்ச தண்ணிலா அது!"

"உப்பு கரிக்குது."

"வேர்வையா இருக்கும்."

"வேர்வைக்கு இரும்பு ஓட்டையாகாது. யாரோ உப்பக் கொட்டியிருக்காங்க. கொஞ்ச நஞ்சமில்ல, கிலோ கணக்குல."

பக்கத்து வீட்டு அக்கா கம்பிக் கதவைத் திறந்துகொண்டு அப்போதுதான் உள்ளே வந்தார். அண்ணனுக்கு உளுந்தங்கஞ்சி, துணி சுற்றிய சட்டியில். தொட்டி வீட்டு அக்காவும் அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

தொட்டி வீட்டு அக்காவைத் தனியாக உள்ளே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பெண்கள் ஒரு தண்ணீரில் உப்பைப் போட்டால் அது எதற்காக இருக்கும் என்று தமிழ் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். யார் மேல் அவருக்குச் சந்தேகம் என்பதும் என் காதில் விழுந்த சங்கதிதான். ஆனால் எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. கோப்பிக் கடை வாயே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, தப்பு என் கையில் இல்லை என்பது அந்த நிமிஷமே எல்லார் காதிலும் விழ வேண்டியிருந்தது. அதனால் குரலை உயர்த்தினேன்.

"இந்த வூட்ல யாரு தொட்டியில உப்பு போட்டது?"

தொட்டி வீட்டு அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாந்தான் தம்பி. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அவருக்குச் சுத்திப் போடுற உப்பு."

"சுத்துன உப்ப வாளித் தண்ணியில கரைச்சு வெளிய ஊத்துறதுதானக்கா?"

"கண்ணு பட்டது தொட்டிக்கு. அவரும் அதுலதான உக்காந்திருக்காரு. அதுலயே கரைஞ்சாத்தான முழுசாப் போவும்?"

"எவ்வளவு போட்டீங்க?"

"மொதல்ல ஒரு கைதான். அப்புறம் அது திரும்பத் திரும்ப அணையவும், திஷ்டி கடுமையா இருக்குன்னுட்டு..." குரல் உள்ளே போனது. "பாக்கெட்டோட. செவ்வாக்கெழமையும் சேத்து."

தம்பி தொம்பாவிலிருந்து இறங்கிவிட்டார். சிரிப்பில் உட்கார முடியவில்லை. "உப்பிட்டவரை உள்ளளவும் நெனன்னு சொல்வாங்க. எங்கக்கா உப்பிட்டு ஹீட்டரையே தின்னுருச்சுலா!" நானும் சிரித்தேன். பாரம் இறங்கிய சிரிப்பு. ஹீட்டர் அரிக்க அரிக்க உப்பு, உப்பு போடப் போட அரிப்பு. பக்கத்து வீட்டு அக்காவும் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அடியே, தொட்டியிலயா ஊறுகா போட்ட?" என்று சிரித்தார். அதைக் கேட்டு அண்ணனுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த உற்சாகத்தில் கையை மூடி, காற்றில் சுற்றி, மனைவி மாதிரியே குரலை வைத்துக்கொண்டு செய்து காட்டினார்.

"நான் கண்ண மூடி உக்காந்திருப்பேன். இவ சுத்துவா பாரு, 'ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாயி கண்ணு, நரி கண்ணு, கம்பிக் கதவத் தொறந்து வந்த கண்ணு...'"

கை அப்படியே காற்றில் நின்றது.

பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே இருந்தது. அவர் மெதுவாக வந்து கஞ்சிச் சட்டியைத் தொட்டி விளிம்பில் வைத்தார். சுற்றியிருந்த துணியைச் சரி செய்தார்.

"ஆறுறதுக்குள்ள குடுத்துடுங்க" என்றார். பொதுவாகச் சொன்னார், யார் முகத்தையும் பார்த்து அல்ல. இத்தனை வருஷம் அவர்களுக்குள் வாடி போடிதான். அன்றைக்கு "குடுத்துடுங்க."

கதவைத் தாண்டிப் போனார். அந்தப் பக்கமிருந்து கொக்கியை மாட்டுகிற சத்தம் கேட்டது.

தொட்டி வீட்டு அக்கா கணவரைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "நீங்கதான தம்பி மொதல்ல சொன்னீங்க, கண்ணடின்னு."

நான் ஹீட்டரின் திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

பழைய தண்ணீரை வடித்து, குழாயெல்லாம் நல்ல தண்ணீர் விட்டு அலசி, வேறு ஹீட்டர் போட்டேன். தொட்டி ஓடியது. இன்றுவரை ஒரு கோளாறும் இல்லை. கோப்பிக் கடைத் தம்பி இப்போது என் ஆள். "நாக்கால தொட்டே கோளாறு கண்டுபிடிக்கிறவன்டா அவன்" என்று அவர் சொன்னது கூலிம்வரை போய்விட்டது. பாடாங் செராய்க்காரர் தானாகவே கூப்பிட்டார். கடையில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக் கதை கேட்டார்கள். நானும் சொன்னேன். ஊறுகாய்ப் பேச்சுவரை சொல்வேன். அண்ணன் கையைச் சுற்றிக் காட்டியதைச் சொல்ல மாட்டேன். ஆனால் தம்பி சொல்லியிருக்கிறார். பாசாரில் இரண்டு பெண்கள், "கதவத் தொறந்து வந்த கண்ணு" என்று ஒருவரையொருவர் கிள்ளிச் சிரித்ததை என் மனைவியே கேட்டுவிட்டு வந்தாள். அங்கே மீன் வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவும் நின்றிருந்தாராம்.

"ஒங்க பேரு நிமிந்துருச்சு" என்றாள் மனைவி.

அடுத்த முறை தொட்டியைப் பார்க்கப் போனபோது அந்தக் கம்பிக் கதவில் கொக்கிக்கு மேல் கம்பி சுற்றி முறுக்கியிருந்தது. அண்ணன் பகலில் தனியாகத்தான் இருக்கிறார், பிளாஸ்கில் சோறு. தொட்டி வீட்டு அக்கா வாசல் வழியாகப் பல தடவை போயிருக்கிறார். "வேலையா இருக்கேன்" என்று உள்ளேயிருந்தே பதில் வருமாம். சண்டை போட்டாலாவது சமாதானம் பேசலாம், வேலையாக இருக்கிறவளிடம் என்னத்தைப் பேசுவது என்று அழுதார். நான் ஆரம்பித்து வைத்ததை நானே போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். எனக்கு என் வாயின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பக்கத்து வீட்டு அக்கா முன்வாசலில் முக்காலி போட்டு நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. பசியாறியாச்சா?"

"ஆச்சுக்கா." சப்பாத்தைக் கழற்றிவிட்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். "ஒண்ணு சொல்லணும். கண்ணு பட்டுருச்சுன்னு மொதல்ல ஆரம்பிச்சது நாந்தான். வாய்க் கொழுப்பு. அந்தக்கா மனசுல ஒண்ணும் கெடையாது."

அவர் ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டார்.

"நீங்க கண்ணுன்னுதான தம்பி சொன்னீங்க. யாரு கண்ணுன்னு நீங்க சொல்லலியே."

சுற்றுகிறவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வதுதானே என்று இழுத்தேன். அவர் கையை நிறுத்தினார்.

"அவ என்னத்தான் நெனச்சான்னு ஒங்களுக்கு அன்னிக்கே தெரியுமா? எல்லாரு முன்னாடியும் சத்தம் போட்டுக் கேட்டீங்களே, அப்பவே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ சமாளித்தவன் நான். குனிந்து நெத்திலித் தட்டைப் பார்த்தேன். அதுவே பதிலாகிவிட்டது.

"ம்" என்றார். மறுபடியும் கிள்ள ஆரம்பித்தார். அடுத்த வீட்டுப் பின்பக்கத்தில் பம்ப் ஓடுகிற சத்தம் அங்கேயே கேட்டது.

"அண்ணனுக்குக் காலு எப்படி இருக்கு?"

"கோல் இல்லாம அடுப்படி வரைக்கும் வர்றாருக்கா."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே அதை மடித்து வைத்துவிட்டார். "நான் கேட்டேன்னு சொல்லாதீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வெளியே வந்தால் தொட்டி வீட்டு அக்கா தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு எனக்காகவே நிற்கிறார். வேலைக்குப் போகிற சட்டையில், பேக்டரி பஸ் வருகிற நேரத்தில்.

"என்னா சொன்னா தம்பி?"

"பசியாறியாச்சான்னு கேட்டாங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.